ஹாஸ்டல் ஒத்திகை

"மாஸ்டர், நான் இன்னும் வண்டியைக் கிளப்பவே இல்ல. நீங்க எதுக்கு பிரேக்கை மிதிக்கறீங்க?"

மருந்துக்கடை அக்கா கேட்ட பிறகுதான் மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து வந்தால் மட்டும் மிதிக்க வேண்டியது. மாஸ்டரைப் பொறுத்தவரை வண்டி நகர்வதே ஆபத்துதான். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் தன்னை 'பிரேக் மாஸ்டர்' என்று கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"மனசு சரியில்லக்கா."

"பாப்பா விஷயமா?"

அக்கா அவரைவிட நாலைந்து வயது மூத்தவர். மாஸ்டரின் மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்தில்தான் அவருடைய மருந்துக்கடை. இந்த வயதில் திடீரென்று கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்று சொல்லி, போன வாரம்தான் சேர்ந்திருந்தார். பாடம் மண்டையில் ஏறுகிறதோ இல்லையோ, பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பார். மாஸ்டருக்கு அது போதும். மடை திறந்துவிட்டார்.

மாஸ்டரின் ஒரே மகளுக்குக் கடலியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. உள்ளூரில் இல்லை, இந்த மாநிலத்திலேயே இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய ஊரில், இன்னொரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். வருகிறாளா இல்லையா என்று வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். செய்தி வந்த அன்று தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் இவர்தான். அதனால் "போகாதே" என்று வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. மனைவியோ, "நல்ல இடம்தான். நீங்க என்ன சொல்றீங்க?" என்று பந்தை இவர் பக்கம் தள்ளிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

இவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வெளிமாநிலப் பிள்ளைகளுக்குக் கட்டணம் அதிகம் என்றார். உள்ளூர்த் தனியார் கல்லூரியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் அந்த அதிகக் கட்டணமே குறைவாக இருந்தது. ரொம்ப தூரம் என்றார். "கடல் அங்கதாம்பா இருக்கு, நான் என்ன செய்ய?" என்றாள் மகள். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று கடைசி அம்பை விட்டார். "சாம்பிள் வரவழைச்சு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் தரட்டுமா?" என்று மனைவி கேட்டாள். அவள் வேலையே பரிசோதனைதான், செய்தாலும் செய்துவிடுவாள்.

உண்மையான காரணம் ஒன்று இருந்தது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"அவ தனியா சமாளிக்க மாட்டாக்கா. அவ்வளவுதான் என் கவலை," என்றார்.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க." அக்கா கியரைத் தேடுவது போல இரண்டு தடவை தடவிவிட்டுச் சொன்னார். "ஒரு வாரம் வீட்டையே ஹாஸ்டலா மாத்துங்க. அவ ரூம்தான் ஹாஸ்டல். சமையல், துணி, சாமான் எல்லாம் அவளே பாத்துக்கணும். யாரும் எதுக்கும் உதவக் கூடாது. ஒரு தடவை உதவின்னு கேட்டு வந்தாலும் உள்ளூர்க் காலேஜ். என்ன சொல்றீங்க?"

மாஸ்டரின் உச்சி குளிர்ந்துவிட்டது. தன் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளே வந்து சொல்லிவிடுவாள். சந்தோஷத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அக்கா கிளப்பிய வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். எதிர்ப்பு வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார். மகள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"சரிப்பா. நாளையிலேருந்தே ஆரம்பிச்சிடலாம்."

"நான்தான் வார்டன்."

"சரி, வார்டன் சார். ஆனா எனக்கும் ஒரு கண்டிஷன். நான் ஹாஸ்டல்ல இருக்கேன்னா இந்த வீட்ல இல்லன்னு அர்த்தம். இங்க நான் பாக்குற எந்த வேலையும் பாக்க மாட்டேன். சரியா?"

மாஸ்டர் சிரித்தார். "நீ இங்க அப்படி என்ன வேலை பாத்துக் கிழிக்கிற?"

மனைவி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க," என்றாள். அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. மனைவி வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வருகிறவர்களுக்காக இருட்டிலேயே கிளம்பிப் போய்விடுவாள். தினமும் தன்னை யார் எழுப்புகிறார்கள் என்று மாஸ்டர் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. தானாக எழுந்திருக்கிறோம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். மகள் அறைக் கதவைத் திறக்கும் சத்தமும், "அப்பா, பல் தேய்ச்சாச்சா?" என்ற குரலும் இல்லாமல் அவருக்கு விடியாது என்பது அன்றுதான் தெரிந்தது.

அரக்கப்பரக்கக் கிளம்பினால் போனில் சார்ஜ் இல்லை. தினமும் இரவில் அதைச் சொருகி வைத்தது யார் என்ற கேள்விக்கும் அதே பதில்தான். ஒருவழியாகப் போனை உயிர்ப்பித்தால் நாலைந்து பேர் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு, யார் எங்கே நிற்பார்கள் என்ற முழு விவரமும் மகளின் தலைக்குள் இருந்தது. காலையில் காபி குடிக்கும்போது ஒப்பிப்பாள். இவர் காரை ஓட்டிக்கொண்டு போவார்.

அன்று பஸ் நிலையத்தில் ஒரு வங்கிக்காரர் நின்றார். ஊரின் மறுகோடியில் தையல்கடைக்காரர் நின்றார். இருவருக்கும் ஒரே நேரம். மாஸ்டர் இருவரில் ஒருவரையும் அழைத்துக்கொள்ளாமல், அன்றைக்கு விடுமுறை கேட்டிருந்த மூன்றாவது ஆளின் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தார். அந்த ஆளின் மனைவி வந்து, அவர் வெளியூருக்குப் போயிருப்பதாக மாஸ்டரின் மகளிடம் சொல்லிவிட்டோமே என்றாள்.

திரும்பி வந்து மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"பாப்பா, நாளைக்கு யார் யாருக்கு கிளாஸ்னு சொல்லு."

கதவு பாதி திறந்தது. "நீங்க யாரைப் பாக்கணும்?"

"என்ன விளையாட்டு இது?"

"இது ஹாஸ்டல் சார். வெளியாளுங்க ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வரணும். வார்டன் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

கதவு மரியாதையாகச் சாத்தப்பட்டது. தன் சட்டமே வந்து இடித்த மூக்கைத் தடவிக்கொண்டே மாஸ்டர் திரும்பினார். ஆனாலும் அவர் அசரவில்லை. அவளுக்கு வசதி அதிகமாக இருக்கிறது, அதுதான் கோளாறு என்று முடிவு கட்டினார். அரசு ஹாஸ்டலில் வைஃபை எங்கே இருக்கப் போகிறது? போய் அதைப் பிடுங்கிவிட்டார்.

அவள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து படித்தாள். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அனுப்பும் செய்திகள் எதுவும் மாஸ்டருக்கு வந்து சேரவில்லை. அவர் தன் போனில் இணையத்துக்குக் காசு கட்டியதே இல்லை. வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே என்று மகள் சொன்னதைக் கேட்டு அப்படியே விட்டிருந்தார். வகுப்புக்கு வருகிறேன் என்றவர்கள் பதில் வராமல் அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள்.

சரி, கட்டுப்பாட்டைக் கூட்டலாம் என்று அடுத்த யோசனை வந்தது. ஹாஸ்டல் என்றால் வாசல் பூட்ட வேண்டும். இரவு எட்டு மணிக்கு வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மகள் ஏழு மணிக்கே வந்து அறைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வேலை அதிகமாகி அன்று தாமதமாக வந்த மனைவிதான் வெளியே நின்றாள். டிவி சத்தத்தில் அவள் கூப்பிட்டது மாஸ்டருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு மாடியிலிருந்து தட்டைக் கரண்டியால் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் ஓடிப்போய்த் திறந்தார்.

மனைவி உள்ளே வந்தாள். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அவள் நேராக மகளின் அறைக்குப் போனாள்.

"இது ரெண்டு பேர் தங்கற ரூம்தானே?"

"ஆமாம்மா."

"இடம் இருக்கா?"

"ஒரு கட்டில் காலியா இருக்கு. ஆனா வார்டன் கொஞ்சம் ஒரு மாதிரி."

"பழகினவர்தான். சமாளிச்சுக்கலாம்."

தலையணையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். மாஸ்டர் கூடத்தில் நின்றார். ஒரு பெண்ணை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள ஆரம்பித்த வேலையில் இரண்டு பேரும் கைவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து அந்த அறைக்குள்ளிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. சின்ன மின்சார அடுப்பு ஒன்றை வைத்து மகள் சமைத்தாள். அம்மாவும் மகளும் எதையோ பேசிச் சிரிக்கும் சத்தமும் வந்தது. மாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்து பிரெட்டை வாட்டாமலே தின்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி இப்படி விழுந்து விழுந்து சிரித்து அவர் கேட்டதில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு தடவை கதவருகே போய், "என்ன சமையல்?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஹாஸ்டல் சாப்பாடு சார்," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "நல்லாவே இருக்காது. நீங்க வீட்டுச் சாப்பாடே சாப்பிடுங்க."

மறுநாள் வகுப்பில் அக்கா அவர் முகத்தையே பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா மாஸ்டர்?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

மாஸ்டர் பேச்சை மாற்றினார். "கண்ணாடியைப் பாருங்க. முதல்ல கண்ணாடியைப் பாக்கணும், அப்புறம்தான் கிளச்."

அக்கா கண்ணாடியைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். அதில் அவர் மகள் தெரிந்தாள். பின்னால் இருந்த நிறுத்தத்தில் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள், கையில் ஒரு கோப்பு.

"இந்த நேரத்துல எங்க போறா?" மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, அந்த பஸ் பின்னாடியே விடுங்க."

"நானா? டிராஃபிக்லயா?"

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

அவர் இருந்தார் என்பதோடு சரி. கண்ணெல்லாம் பஸ் மேல் இருந்ததால் காலைப் பற்றிய நினைப்பே அவருக்கு இல்லை. பஸ் நின்ற இடத்தில் எல்லாம் கார் தள்ளி நின்றது. பஸ் கிளம்பியதும் கிளம்பியது. சந்தையின் நெரிசலில் ஒரு மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவே வளைந்து வெளியே வந்தது. அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்சுக்கும் மரத்துக்கும் இடையே இருந்த சந்தில் ஒரே திருப்பில் போய்ப் பொருந்தி நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் மாஸ்டர். "இதான் என் டிரெயினிங்."

"ஆமாம் மாஸ்டர்," என்றார் அக்கா.

உள்ளே கூட்டம் நெரிந்தது. மாஸ்டர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். உடல்தகுதிச் சான்று வாங்க வந்திருக்கிறாள் என்பது அவள் ஜன்னலில் கேட்டபோது புரிந்தது. பல்கலைக்கழகத்தில் கேட்டிருப்பார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டாக்டர் லீவு. அடுத்த வாரம் வா."

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. அவராக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு சண்டை போட்டிருப்பார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த போதெல்லாம் போட்டிருக்கிறார். ஒரு தடவையும் வந்த காரியம் நடந்ததில்லை.

மகள் சண்டை போடவில்லை. "சரிங்க சார். வேற எந்த டாக்டர் கையெழுத்துப் போட்டா செல்லும்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் கேட்டுக்கறேன்," என்றாள்.

ஜன்னலுக்குள் இருந்தவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெயரும் அறை எண்ணும் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வரிசையில் பின்னால் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழித்த ஒரு வயதான ஆளைப் பார்த்ததும் நின்றாள். "தாத்தா, உங்களுதும் அந்த ரூம்தான். வாங்க, சேந்தே போலாம்," என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் கையெழுத்தோடு திரும்பி வந்தார்கள். அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். ஒரு தடவைகூட அக்கம்பக்கம் பார்த்துத் திகைக்கவில்லை.

மாஸ்டர் காருக்கு வந்து உட்கார்ந்தார். அக்கா வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார்.

"அவளுக்கு நான் தேவையே இல்லக்கா."

"அதுக்கு சந்தோஷப்படுறீங்களா, வருத்தப்படுறீங்களா?"

"தெரியல," என்றார் மாஸ்டர். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நெஞ்சு பெருமையில் விம்மியது, அதே நெஞ்சு வலிக்கவும் செய்தது. இத்தனை நாளும் அவள் சமாளிக்க மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. "சமாளிக்காதது நான்தான்க்கா. மூணு நாளா பச்சை பிரெட்டு தின்னுட்டுத் திரியறேன்."

அக்கா வண்டியைக் கிளப்பினார். வீடு வரைக்கும் அவர்தான் ஓட்டினார். மாஸ்டர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் கடைக்குப் போய் ஒரு பெரிய நாட்காட்டி வாங்கிவந்து சுவரில் மாட்டினார். ஒவ்வொருவராகப் போன் செய்து வகுப்பு நேரத்தைக் கேட்டுத் தானே எழுதினார். தையல்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். வைஃபையைத் திரும்பச் சொருகினார். அலாரம் வைக்கத் தெரியாமல் போனோடு மல்லுக்கட்டி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு வைத்துக்கொண்டார். முட்டை வேகவைத்தார். முதல் முட்டை வெடித்தது, இரண்டாவது கல்லாகிவிட்டது, மூன்றாவதைச் சாப்பிட முடிந்தது. கேட்டைப் பூட்டவில்லை.

மனைவி தண்ணீர் எடுக்க வெளியே வந்தவள் நாட்காட்டியைப் பார்த்தாள், முட்டை ஓட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ உன் ஹாஸ்டலுக்குப் போ."

அவள் போகவில்லை. எதிரே உட்கார்ந்து மிச்சமிருந்த முட்டையில் பாதியை வாங்கித் தின்றாள். "உப்பு போட்டிருக்கலாம்," என்றாள். அன்று இரவு அவள் தலையணை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஒத்திகையின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பதில் சொல்ல வேண்டும். மகள் எதற்கும் வந்து நிற்கவில்லை. துணி துவைத்தாள், சமைத்தாள், அறையைப் பெருக்கினாள். மாஸ்டர் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் அறைக் கதவு திறந்தது. மகள் வந்து எதிரே நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அப்பா."

வாரம் முழுக்க 'வார்டன் சார்' என்றவள் 'அப்பா' என்றதில் அவருக்கு உள்ளே என்னவோ ஆனது.

"பெட்டியோட ஜிப் மாட்டிக்கிச்சுப்பா. எவ்வளவு இழுத்தாலும் வரல. கொஞ்சம் வந்து உதவி பண்ணுங்க."

மாஸ்டர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. அவளே கேட்டுவிட்டாள், அதுவும் கடைசி நாளில். எழுந்து போய் ஜிப்பை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பாப்பா உள்ளூரிலேயே இருப்பாள். காலையில் அவள் குரலில்தான் விடியும். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பேசி வைத்த சட்டம்தானே?

மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

மாஸ்டரின் கால் எழுந்திருக்கத்தான் பார்த்தது. அவர் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டார்.

"உங்கப்பா ஊர்ல இருக்கார்மா," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடத் தாழ்ந்து வந்தது. "ஒரு நாள் முழுக்க ரயில்ல வரணும் அவரு. நான் வார்டன்தான். நீயே முயற்சி பண்ணிப் பாரு. உன்னால முடியும்."

மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. உதவி மறுத்ததில் கோபமாக்கும் என்று நினைத்தார் மாஸ்டர்.

"சரி, சார்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அடுத்த நிமிஷமே ஜிப் சர்ரென்று ஓடும் சத்தம் கேட்டது. எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டாள் என்று மாஸ்டர் நினைத்தார். பிறகு எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதார். வெளியே வந்தபோது மனைவி துண்டோடு நின்றாள். அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மூவரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். வருகிறேன் என்ற இடத்தில் மகள் சொடுக்குவதற்கு முன் திரும்பி, "நிஜமாவே போகவாப்பா?" என்று கேட்டாள்.

"போ," என்றார் மாஸ்டர். "கடல் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. நாட்காட்டிய நான் பாத்துக்கறேன்."

அவள் சொடுக்கினாள். பிறகு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. இடம் கிடைத்ததற்கு இவ்வளவு அழுகையா என்று அவருக்கு விளங்கவில்லை.

அன்று மாலை அக்காவின் வகுப்பு. மாஸ்டர் நேரத்துக்கு முன்பே போய் நின்றார். போன் நிறைய சார்ஜ் இருந்தது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மாஸ்டரால் அடக்க முடியவில்லை.

"உங்க யோசனை மண்ணைக் கவ்விடுச்சுக்கா. பாப்பா போறா!"

"அப்படியா?"

"ஒரு வாரம் ஒருத்தரையும் எதுக்கும் கேக்கல. கடைசி நாள் மட்டும் ஒரு ஜிப்புக்காக வந்து நின்னா. நான் முடியாதுன்னுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, வந்து நின்னதுமே அவ தோத்துட்டா. ஆனா நான் கண்டுக்காம பாஸ் போட்டுட்டேன்." மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பரீட்சை வைக்கிறவன் அவ்வளவு கறாரா இருக்கக் கூடாது, என்ன சொல்றீங்க?"

அக்கா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"சரி, வண்டிய எடுங்க," என்றார் மாஸ்டர். "இன்னைக்கு ரிவர்ஸ் சொல்லித்தரேன்."

அக்கா சாவியைத் திருப்பவில்லை. அதை உருவி மாஸ்டரின் கையில் வைத்தார்.

"எனக்கு இருபது வருஷமா கார் ஓட்டத் தெரியும் மாஸ்டர், 'நான் இல்லாம அப்பா ஒரு வாரம் தாங்கறாரான்னு பக்கத்துலயே இருந்து பாத்துச் சொல்லுங்க, தாங்கலைன்னா நான் போகல'ன்னு பாப்பாதான் என்னை உங்ககிட்ட சேத்துவிட்டா."